முள்ளு ஏறுதுங்க மாப்ள

கொல்லிமலைக்குக் காரெடுத்துட்டுப் போறீங்களாமே மாப்ள? ரொம்பச் சந்தோசம். காரென்னமோ நல்லாத்தான் மின்னுது. சீட்டுக்குப் புது உறை, உள்ளே மல்லியப்பூ வாசம் அடிக்கற டப்பா, கண்ணுபடாம இருக்க முன்னால எலுமிச்சம்பழம். பானெட்டை மட்டும் வாங்குன நாள்ல இருந்து தொறந்ததே இல்லைன்னு என்ற புள்ள சொல்லுச்சு. அடக்கமான மனுசன், அடுத்தவங்க வயித்துக்குள்ள எட்டிப்பாக்கற பழக்கமில்லையாக்கும்!

அடிவாரத்துக் காரவள்ளியில இருந்து மேல போய்ச் சேர்றதுக்குள்ள 70 கொண்டை ஊசி வளைவுங்க. ரெண்டாம் கியர்லயே முக்கிட்டு ஏறோணும். மெதுவாப் போறதால காத்து கம்மி, இன்ஜினுக்கு உழைப்பு மட்டும் முழுசு. அந்தச் சூட்டையெல்லாம் வாங்கிட்டு வந்து ரேடியேட்டர்ல எறக்கறது கூலன்ட்தான்.

“தண்ணி ஊத்துனா பத்தாதுங்களா மாமா?”ம்பீங்க. நாமக்கல் லாரியில நாங்க வாய்க்கால் தண்ணி, கெணத்துத் தண்ணின்னு கெடைச்சதை ஊத்துனோம். அது கனத்த இரும்பு இன்ஜின், பொறுத்துக்கிச்சு. இப்ப ஹெட்டும் ரேடியேட்டரும் அலுமினியம். போர்த்தண்ணியை ஊத்துனா உப்பு படிஞ்சு குழாய் அடைக்கும், அலுமினியம் அரிச்சுப்போகும். கூலன்ட்ல அதைத் தடுக்கற மருந்து இருக்குது. அதுவும் வருசம் போனா வீரியம் கெட்டுரும். எப்ப மாத்தோணும்னு கார்கூட வந்த புஸ்தகத்துல போட்டிருக்கறான். டேஷ்போர்டுக்குள்ள கவர் பிரிக்காம வெச்சிருக்கறீங்களே, அதேதான்.

காசு இருக்குதுன்னு கெட்டிக் கூலன்ட்டை அப்படியே ஊத்திராதீங்க. சூட்டைத் தூக்கிட்டுப் போறதுல தண்ணிதான் கெட்டிக்காரன். பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலக்கோணும். கலந்தே விக்கற கேனா இருந்தா அதுல மறுபடி தண்ணி சேக்கப்படாது. அப்பறம் இந்தப் பச்சை, ரோஸு விவகாரம். சேலைக்கு ஜாக்கெட் எடுக்கற மாதிரி நிறம் பாத்து வாங்காதீங்க. நிறம் கம்பெனிக்காரன் கலக்கற சாயம். ஒரே நிறத்துல வேற வேற சரக்கு வரும். சேராததைச் சேத்தா மருந்து முறியும், சமயத்துல கொழகொழன்னு திரிஞ்சும் போகும்.

காலையில இன்ஜின் குளுந்து கெடக்கறப்ப, மட்டமான எடத்துல நிறுத்தி, ரேடியேட்டருக்குப் பக்கத்து கூலன்ட் டப்பாவுல இருக்கற ரெண்டு கோட்டைப் பாருங்க. அளவு நடுவுல நின்னாப் போதும். தாராள மனசைக் காட்டி மேல்கோட்டைத் தாண்டிராதீங்க, சூடானா அது பொங்கறதுக்கு எடம் வேணும். வாரத்துக்கு வாரம் கொறைஞ்சா எங்கியோ ஒழுகுதுன்னு அர்த்தம். ஒழுகற எடம் தெரியாம, ஆயில் பால் கலந்த நிறத்துல வந்துச்சுன்னா ஹெட் கேஸ்கட்டுக்குப் பணத்தை எண்ணி வெச்சுக்கோங்க.

பாதி மலையில சூடு காட்டற முள்ளு செவப்புப் பக்கம் ஏறுனா உங்க வீரத்தைக் காட்டோணும்னு தோணும். கைக்குட்டையைச் சுத்திட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போவீங்க. மூடி அழுத்திப் புடிச்சிருக்கறதாலதான் உள்ள இருக்கறது 125 டிகிரி பக்கம் வரைக்கும் கொதிக்காம கெடக்குது. தொறந்த நொடியில அம்புட்டும் கொதிச்சு மூஞ்சிக்குத்தான் வரும். கல்யாண ஆல்பத்துல பாத்த மூஞ்சியை என்ற புள்ள அப்பறம் ஆல்பத்துலதான் பாக்கோணும். ஏசியை நிறுத்திட்டு ஹீட்டரை முழுசா வெச்சு, ஓரமா எடம் பாருங்க. கொஞ்சம் சூடு அந்த வழியாவும் எறங்கும். உங்க மாமியாரு பின்சீட்டுல என்ன சொன்னாலும் ஹீட்டரைக் கொறைக்காதீங்க. நிறுத்துனதும் இன்ஜினை அணைச்சுட்டு முக்கா மணி நேரமாவது சும்மா இருங்க. சுடற இன்ஜின்ல பச்சைத்தண்ணி ஊத்துனா ஹெட்டு வெடிச்சுக்கும். சும்மா இருக்கறது உங்களுக்குக் கைவந்த கலைதானுங்களே.

பழைய கூலன்ட்டை எறக்குனா சாக்கடையில கொட்டாதீங்க, தித்திப்புன்னு நாய் நக்கும். கொஞ்சம் உள்ள போனாலே கிட்னி போயிரும். மெக்கானிக் பட்டறையிலயே குடுத்துருங்க.

சரி, எப்பக் கெளம்பறீங்க? நானும் காரவள்ளி வரைக்கும் உங்ககூட வர்றேன். அங்கிருந்து மேல பஸ்ஸுல வந்துக்கறனுங்க.