பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர்

பிரிட்டிஷ் ராணுவப் போலீஸின் பழைய தொப்பிச் சின்னங்களைச் சேர்க்கிறவரிடம் ஒரு சின்னத்தைக் கொடுத்துப் பாருங்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஆள் மாதிரி, முகத்தை விட்டுவிட்டு முதுகைத் திருப்புவார். கிறுக்கு என்பார்கள். என் கட்சி வேறு: அந்தத் தொப்பியை வைத்துக்கொள்ள இவரைவிடத் தகுதியானவர் இல்லை. சிப்பாயை நிறுத்தி "பாஸ் எங்கே?" என்று கேட்பது சிவப்புத் தொப்பிக்காரர்களான ராணுவப் போலீஸாரின் வேலை, அதே கேள்வியை இவர் அவர்களுடைய தொப்பியிடமே கேட்கிறார்.

விசாரணை முறையானது. மேலே கிரீடம், சுற்றிலும் லாரல் இலை, நடுவில் அரசரின் எழுத்து, அடியில் படையின் பெயர் தாங்கிய நாடா. 'ஜி.வி.ஆர்.' என்றால் ஐந்தாம் ஜார்ஜ். 1910-இல் பட்டத்துக்கு வந்து 1936-இல் இறந்தவர். 'ராயல்' என்ற அடைமொழி படைக்குக் கிடைத்தது 1946-இல்தான். ஐந்தாம் ஜார்ஜின் எழுத்துக்கடியில் 'ராயல்' இருந்தால், செத்துப் பத்து வருஷமான அரசர் தந்த பட்டம் அது! அன்றைக்கு இவர் வீட்டில் தீபாவளி. போலி பிடிபடுவதில் உள்ள ருசி அசல் கிடைப்பதில் இல்லை. முகம் தப்பித்தால் முதுகு மாட்டும். அச்சில் அடித்த பித்தளைத் தகட்டில் முன்பக்கத்து மேடெல்லாம் பின்னால் பள்ளமாக இருக்கும். வார்ப்பு நகலில் இலை நரம்பு மழுங்கி, அம்மைத் தழும்பு போலப் பொடிக்குழிகள் தெரியும். தொப்பியில் செருகும் நாக்கில் கம்பெனிப் பெயர் பளிச்சென்று இருந்தால் நாம் நம்புவோம். இவர் புருவத்தை உயர்த்துவார். பெயர் பொறிக்க நகல்காரனுக்குத் தெரியாதா என்ன?

அரசர் போன மறுநாளே எல்லாரும் சின்னத்தைக் கழற்றி எறிந்தார்களா, எழுத்தை வைத்து வருஷம் சொல்வது எப்படி என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் எழுத்து சொல்வது 'இதற்கு முன்பு இல்லை' என்பதை மட்டும். பின்பு எத்தனை நாள் என்பதற்கு அது பொறுப்பில்லை. இந்த வித்தியாசம் தெரிந்த ஆள் கிறுக்கரல்ல, வக்கீல். புத்தகத்தைப் பார்த்தால் போதாதா என்பதற்கும் பதில் உண்டு: படம் முகத்தைத்தான் காட்டும்.

இவர் பாச்சா பலிக்காத இடமும் ஒன்று இருக்கிறது. 1877-இல் அமைந்த குதிரைப் போலீஸும் 1885-இல் அமைந்த காலாள் போலீஸும் 1926-இல் ஒன்றாகும்வரை தனித்தனிப் படைகள். முதல் உலகப் போரில் இரண்டும் அணிந்தது ஒரே சின்னம். விற்கிறவர் தயங்காமல் குதிரை என்பார். குதிரை என்றால் கொஞ்சம் கூட்டிக் கேட்கலாமே. இவர் கால்மணி நேரம் லென்ஸை அழுத்திப் பார்த்துவிட்டு, அட்டையில் சின்ன எழுத்தில் எழுதுவார்: "நாலு காலோ, ரெண்டு காலோ."