நாலு பை அண்ணன்

அமெரிக்காவில் இயற்பியல் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த முதல் வருடமே ஜாக்சன் எழுதிய 'கிளாசிக்கல் எலக்ட்ரோடைனமிக்ஸ்' உங்கள் தலையில் இறங்கும். கூடவே நம்மூர் சீனியர் அண்ணனும் இறங்குவார்.

"எந்த யூனிட்ல போட்ட?"

கணக்கு சரியா, தப்பா என்று கேட்கமாட்டார். "எஸ்.ஐ. யூனிட் அண்ணா" என்று சொல்லிப் பாருங்கள். ஃபில்டர் காபி கேட்டவருக்கு இன்ஸ்டன்ட் கலந்து நீட்டியதுபோல் முகம் சுருங்கும்.

"ஒண்ணுமே இல்லாத வெற்றிடத்துக்கு எப்சிலான் நாட், மியூ நாட்னு எதுக்குடா ரெண்டு நம்பர்? காஸியனுக்கு வா. மின்புலம், காந்தப்புலம் ரெண்டுக்கும் ஒரே யூனிட். நாலு பையை மட்டும் கவனிச்சுக்கிட்டா போதும்."

சொல்வது உண்மை. அதுதான் எரிச்சல்.

காஸியனில் கெபாசிட்டன்ஸைச் சென்டிமீட்டரில் சொல்லலாம். ஒரு கோளத்தின் கெபாசிட்டன்ஸ் அதன் ஆரமேதான். இதை வாரம் ஒருமுறை, அன்றுதான் கண்டுபிடித்தவர்போல் சொல்வார். "அப்போ பூமிக்கு எவ்வளவு? சுமார் 64 கோடி சென்டிமீட்டர்!" சாம்பார் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நம் வியப்புக்காகக் காத்திருப்பார். "ஏறக்குறைய 700 மைக்ரோஃபாரட்தானே அண்ணா" என்றால் கரண்டி பாத்திரத்துக்கே திரும்பிவிடும்.

முழங்கால் வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போன இடத்தில், "இது 1.5 டெஸ்லா மெஷின்" என்ற பெண்ணிடம், "அதாவது 15,000 காஸ்" என்றாராம். அசையாமல் படுங்கள் என்பதே அவருக்குக் கிடைத்த பதில்.

அவருடைய ஆறாத புண் ஜாக்சன்தான். 1962, 1975 பதிப்புகள் காஸியனில் இருந்தன. 1998இல் வந்த மூன்றாம் பதிப்பில் முதல் பத்து அத்தியாயங்கள் எஸ்.ஐ.க்குப் போய்விட்டன. பதினொன்றில் சார்பியல் தொடங்கும்போதுதான் மறுபடி காஸியன். காஸியனை விடுவதில்லை என்று நோபல் பரிசு பெற்ற எட்வர்ட் பர்செல்லோடு உடன்பாடு இருந்ததாகவும், அதை மீறிவிட்டதாகவும் முன்னுரையில் ஜாக்சனே ஒப்புக்கொள்கிறார். மனிதர் வேடிக்கையாக எழுதியது. அண்ணன் அதைப் படித்துக் காட்டும்போது குரல் தழுதழுக்கும்.

2019 மே 20 முதல் எஸ்.ஐ. திருத்தப்பட்டதில், மியூ நாட்டின் மதிப்பை இனி அளந்துதான் சொல்ல முடியும் என்றாகிவிட்டது. அண்ணனுக்கு அது தீபாவளி. "உங்க ஆளு நிலையே தடுமாறிப்போச்சு பாத்தியா?" என்று இன்றைக்கும் கேட்கிறார். எங்க ஆளா? மியூ நாட் எங்களுக்கு மாமனா, மச்சானா?

இதுவரை சிரிக்கலாம். இனிமேல் சிரிக்க ஒன்றுமில்லை. ஜாக்சன் கணக்கு ஒன்றே ஒரு ராத்திரியை விழுங்கிவிடும். விடிந்தால் ஹோம்வொர்க் கொடுத்தாக வேண்டும். "அண்ணா, இந்தக் கோளத்துக்கு எல்லை நிபந்தனையை எப்படிப் போடுறது?" என்று போய் நின்றால், "முதல்ல காஸியனுக்கு மாத்திட்டு வா" என்பார். மாற்றிக்கொண்டு போவதற்குள் குறட்டைச் சத்தம் கேட்கும். மாற்றியதில் ஒரு நாலு பை விட்டுப்போய் மதிப்பெண்ணும் குறையும். எங்கே போச்சு அந்த நாலு பை என்று மறுநாள் கேட்பவரும் அவரே.

வீட்டை விட்டு இத்தனை தூரம் வந்த முதல் வருடப் பிள்ளைக்கு அவரிடம் தேவைப்படுவது பத்து நிமிடம். அதைத் தராமலிருக்க அவர் கண்டுபிடித்த கௌரவமான வழிதான் இந்த யூனிட். அந்த ராத்திரி தீர்க்க வேண்டியிருந்தது லாப்லாஸ் சமன்பாடு. அது எஸ்.ஐ.யிலும் காஸியனிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றே. அண்ணனுக்கு இது தெரியாதா?

ஆகஸ்டில் விமானம் ஏறப்போகும் தம்பி தங்கைகளே, யூனிட் மாற்றும் அட்டவணை ஜாக்சன் புத்தகத்தின் பின்னிணைப்பிலேயே இருக்கிறது. கணக்குக்கு அதைப் பாருங்கள். அண்ணனிடம் சாம்பாருக்கு மட்டும் போங்கள்.