திருநாளைப்போவார், எம்.ஏ., பி.எட்.

‘நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்’ என்று சொல்லிச் சொல்லியே ஆதனூர் நந்தனாருக்குத் திருநாளைப்போவார் என்று பெயர் நிலைத்தது. அவராவது ஒருநாள் சிதம்பரம் வந்து சேர்ந்தார். தீயில் இறக்கித்தான் உள்ளே விட்டார்கள். ஆனாலும் ஒரு தீதான். இன்றைக்குக் கடலூர் மாவட்டத்தில் எம்.ஏ., பி.எட். முடித்துக் காத்திருக்கும் நாளைப்போவார்களுக்கு எத்தனை தீ என்று எண்ணத் தொடங்கினால் ஆசிரியர் தேர்வு வாரியத்துக்கே விரல் போதாது.

லண்டனில் ‘பைனான்சியல் டைம்ஸ்’ பத்திரிகையில் பெயர்பெற்ற பத்தி எழுத்தாளராக இருந்தவர் லூசி கெல்லவே. 2016இல் ‘நவ் டீச்’ என்றொரு அமைப்பைத் தொடங்கி, வேறு தொழில்களில் பழுத்தவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்தார். தானும் ஐம்பதுகளின் இறுதியில் வேலையை விட்டுவிட்டு வகுப்பறைக்குப் போனார். நல்ல காரியம். அங்கே ஒருவர் முதல் தொழிலில் பணம், பெயர், வீடு எல்லாம் சேர்த்துவிட்டு, இனி பிள்ளைகளோடு இருக்கலாம் என்று இரண்டாம் தொழிலுக்கு வருகிறார். நாமும் அதையெல்லாம் விஞ்சிவிட்டோம். ஐம்பது வயதில் புதிதாக ஆசிரியராகிறவர்கள் தமிழ்நாட்டில் கொள்ளை கொள்ளையாக உண்டு. ஒரே ஒரு வேறுபாடு. இவர்கள் இருபத்து நான்கு வயதிலேயே ஆசிரியருக்குப் படித்தவர்கள். இடையிலே செய்த தொழில்தான் அரசு கொடுத்த இலவச இணைப்பு.

கடலூர்க்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெயர் வேண்டாம், பெயர் வைத்தால் பத்துப் பேர் ‘என்னைத்தானே எழுதினீர்கள்’ என்று வந்து நிற்பார்கள். 1975இல் பிறந்தவர். 1999இல் பி.எட். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தார். பதிவு மூப்பு வரும் வரைக்கும் என்று திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றார். கல்யாணம் ஆனதும் சிப்காட் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தக் கூலி. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க மட்டும் மறக்கவில்லை.

2012 வந்தது. இனி மூப்பு மட்டும் போதாது, ‘டெட்’ என்னும் தகுதித் தேர்வு என்றார்கள். ஜூலையில் நடந்த அந்த முதல் தேர்வில் 150 கேள்விகளுக்கு ஒன்றரை மணி நேரம் தந்தார்கள். ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதி, 2,448 பேர் தேறினார்கள். இவ்வளவு பேர் தோற்றால் தோற்றது எழுதியவனா, நடத்தியவனா என்று எந்தத் தலைமையாசிரியரும் கேட்டிருப்பார். அரசு கேட்கவில்லை, அக்டோபரில் மறுதேர்வு வைத்து நேரத்தை மூன்று மணியாக்கியது. தவறு தன்னுடையது என்பதை இதைவிட நாசூக்காக ஒரு அரசு ஒப்புக்கொள்ள முடியாது.

நம்மவர் 2013 தேர்வில் தேறினார். இனிப்பு வாங்கிய கை காய்வதற்குள் வெயிட்டேஜ் வந்தது. தகுதித் தேர்வுக்கு 60, பி.எட்.டுக்கு 15, பட்டத்துக்கு 15, பிளஸ் டூவுக்கு 10 என்று பங்கு பிரித்தார்கள். ஆயிரம் மதிப்பெண் என்பது ஊரே கூடிப் பேசும் அதிசயமாக இருந்த 1992இல் பிளஸ் டூ எழுதியவர், மதிப்பெண்ணை வாரி இறைத்த காலத்துப் பிள்ளையோடு அதே தராசில் ஏற்றப்பட்டார். வயதில் மூத்ததே குற்றம். போராடினார்கள், நீதிமன்றம் போனார்கள். 2018இல் வெயிட்டேஜை ரத்து செய்து ஆணை வந்தது. அடடா என்று மூச்சு விடுவதற்குள் அதே ஆணையின் அடுத்த வரி: தகுதித் தேர்வில் தேறியவர்கள் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும். தகுதி உண்டு என்று சான்றிதழ் தந்தவர்களே, அந்தத் தகுதி உனக்கு உண்டா என்று மறுபடி கேட்கிறார்கள்.

2020 ஜனவரியில் வயதில் கை வைத்தார்கள். அதுவரை ஐம்பத்தேழு வயது வரை வரலாம் என்றிருந்த ஆசிரியர் வேலைக்குப் பொதுப்பிரிவினர் 40, மற்றவர்கள் 45 என்று வேலி போட்டார்கள். இருபது ஆண்டு வேலை தராமல் காக்கவைத்தவர்களே, ‘உனக்கு வயதாகிவிட்டது’ என்றார்கள். இதற்கு வெட்கம் வேண்டும் என்று எழுதத் தோன்றுகிறது. வெட்கத்துக்கு எந்த அரசாணையிலும் நிதி ஒதுக்கீடு கிடையாது. பிறகு ஆட்சி மாறி, 2023இல் வரம்பை 53, 58 என்று தூக்கினார்கள். அந்த நியமனத் தேர்வு 2024 பிப்ரவரியில் நடந்தபோது நம்மவருக்கு வயது 49. தேறியது 2013இல், எழுதவிட்டது 2024இல். காலிப்பணியிடங்கள் எத்தனை என்பதைச் சிதம்பர ரகசியம் என்று எழுதக் கை துடிக்கிறது. ஆனால் அங்கே கேட்டால் தீட்சிதர் திரையையாவது விலக்கிக் காட்டுவார்.

ஐம்பத்தெட்டு வயது என்பதில் ஒரு நகைச்சுவை ஒளிந்திருக்கிறது. ஓய்வு வயது 60. தகுதிகாண் பருவம் இரண்டு ஆண்டு. ஐம்பத்தெட்டில் சேருகிறவருக்கு ‘நீர் ஆசிரியராக நீடிக்கத் தகுதியானவர்தான்’ என்று அரசு முடிவு செய்யும் அன்றைக்கே சால்வை போர்த்தி வழியனுப்பி வைக்கலாம். ஒரே பந்தல், ஒரே மைக் செட், செலவு மிச்சம்.

இத்தனைக்கும் நடுவயதில் ஆசிரியரானவர்களால் பெருமை பெற்ற ஊர் சிதம்பரம். 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறையைப் பாருங்கள். கா.சுப்பிரமணிய பிள்ளை சட்டம் படித்தவர். ரா.பி.சேதுப்பிள்ளை திருநெல்வேலியில் வக்கீல். தமிழ்ப் பேராசிரியராக வந்த விபுலானந்த அடிகள் அறிவியல் படித்த துறவி. இசைத்துறைக்கு வந்த தண்டபாணி தேசிகர் 1942இல் ஜெமினி படத்தில் நந்தனாராகவே நடித்தவர். இவர்களில் என் மனசுக்கு நெருக்கமானவர் ச.சோமசுந்தர பாரதியார். 1905இல் வக்கீலாகி, தூத்துக்குடியிலும் மதுரையிலும் வாதாடி, சம்பாதித்து, 1933இல் தமிழ்த்துறைத் தலைவராகச் சிதம்பரத்துக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு.

அவர் இன்றைக்குக் கடலூரில் ஒரு பள்ளிக்கூட வேலைக்காகச் சான்றிதழ் சரிபார்ப்புக்கு வந்து, டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தால்?

“பேரு?”

“சோமசுந்தர பாரதி.”

“ஸ்கூல் சர்டிபிகேட்ல பாரதி இல்லையே?”

“அது பட்டம். எட்டயபுரத்தில் எனக்கும் சுப்பிரமணியனுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள்.”

“யாரு குடுத்தா என்ன சார், கெசட்ல போட்டீங்களா? பி.எட்.?”

“பி.எல். இருக்கிறது. தனியாகப் படித்துத் தமிழ் எம்.ஏ.வும் முடித்தேன்.”

“ரெகுலர்ல படிக்கலையா? அது செல்லுமான்னு மேலிடத்துல கேக்கணும். தமிழ்வழியில படிச்சதுக்குச் சான்று?”

“அந்தக் காலத்தில் எல்லாமே ஆங்கிலத்தில்தானே தம்பி நடந்தது.”

“அப்ப அந்த இட ஒதுக்கீடு கிடையாது. கட்டாயத் தமிழ்த் தகுதித் தேர்வு ஒண்ணு இருக்கு. ஐம்பதுக்கு இருபதாவது எடுக்கணும். உங்களுக்குத் தமிழ் தெரியும்ல?”

இதற்குப் பாரதியார் என்ன பதில் சொல்வார் என்று எழுத எனக்குத் துணிவில்லை. 2020 ஆணைப்படி என்றால் இந்த உரையாடலே நடந்திராது. எந்தப் பிரிவாக இருந்தாலும் வயதைக் கேட்ட மாத்திரத்தில் வாசலோடு அனுப்பியிருப்பார்கள். அவரோடு ஓமக்குளத்துப் பக்கத்திலிருந்து சுவாமி சகஜானந்தரும் வந்திருந்தால் இன்னும் விசேஷம். 1916இல் நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கி, ஊர் உள்ளே விடாத பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த துறவி அவர். ‘பள்ளி அங்கீகாரம் இருக்கட்டும் சாமி, உங்க டெட் மார்க் என்ன?’

நிரந்தர வேலைக்கு இத்தனை காவல் வைத்த அரசு, தற்காலிக வேலைக்குக் கதவை அகலத் திறந்து வைத்திருக்கிறது. 2012இல் ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய். பிறகு 7,000, 7,700, 10,000, 12,500 என்று ஊர்ந்தது. மே மாதம் பள்ளி விடுமுறை என்பதால் ஆசிரியர் வயிற்றுக்கும் விடுமுறை விட்டு, ஆண்டுக்கணக்கில் அந்த மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்தார்கள். 2021 தேர்தல் அறிக்கையில் 181ஆவது வாக்குறுதி, இவர்களை நிரந்தரமாக்குவது. வாக்குறுதி தந்தவர்கள் வென்றார்கள். 2025 ஜூலையிலும் இவர்கள் சென்னையில் போராடிக் கைதாகிக்கொண்டிருந்தார்கள்.

‘இல்லம் தேடிக் கல்வி’யை 2021இல் தொடங்கியபோது முதல் கட்ட மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. மாலையில் பாடம் சொல்லித்தரும் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். பி.எட். முடித்த பெண்களும் போனார்கள். தன்னார்வம் என்று பெயர் வைத்துவிட்டால் சம்பளம் என்று கேட்பது அசிங்கமாகிவிடுகிறது பாருங்கள்.

2022இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக 13,331 பேரைத் தற்காலிகமாக எடுக்க அறிவிப்பு வந்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலைக்கு 12,000. 7,500ஐ முப்பதால் வகுத்தால் நாளுக்கு 250. அந்த ஆண்டு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி 281. கணக்கு வாத்தியார் ‘ஞாயிற்றுக்கிழமையை ஏன் சேர்த்தாய்’ என்பார். ஞாயிற்றுக்கிழமையும் பசிக்கிறது, வாத்தியாரே.

இதில்தான் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. நிரந்தர வேலை கேட்டு வந்தால் தரம், தகுதி, கல்வியின் மேன்மை என்று தேர்வு மேல் தேர்வு வைக்கிறார்கள். அதே பிள்ளைகள், அதே வகுப்பு, அதே கரும்பலகை; சம்பளம் 7,500 என்றால் மட்டும் ஒரு தீர்மானத்தாளில் குழுத் தலைவர் கையெழுத்துப் போட்டால் போதுமாம். அப்படியானால் அந்தத் தேர்வுகள் பிள்ளைகளின் தரத்துக்காக வைத்தவை அல்ல. சம்பளத்தின் வாசலுக்குப் போட்ட பூட்டு.

உள்ளே போனவர்களும் நிம்மதியாக இல்லை. 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்துகிறவர்களில், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். இல்லையேல் வேலை இல்லை. ஐந்து ஆண்டுக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் தப்பினார்கள், பதவி உயர்வைத் தவிர. இருபது ஆண்டாக எட்டாம் வகுப்புக்குத் தேர்வு மேற்பார்வை பார்த்தவர், ஐம்பதைத் தாண்டிய வயதில் பேனாவோடு பிள்ளைகள் பெஞ்சில் போய் உட்கார வேண்டும். பக்கத்து பெஞ்சில் அவரிடமே படித்த பையன் இருப்பான். அவனும் பி.எட்.

அரசிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் மாவட்டவாரியாகக் காலிப்பணியிடப் பட்டியலை வெளியிடுங்கள். ஒரு தேர்வு, ஒரு விதி; நடுவில் மாற்றாதீர்கள். தேறியவர்களுக்கு வேலை கொடுத்து முடியும் வரை புதிய தகுதி கண்டுபிடிக்காதீர்கள். மாதம் பன்னிரண்டு என்று ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லித்தருகிறோம்; சம்பளமும் பன்னிரண்டு கொடுங்கள். வாசகர்களே, அடுத்த முறை வாக்குறுதிப் புத்தகத்தோடு உங்கள் தெருவுக்கு யார் வந்தாலும், எந்தக் கொடி என்று பார்க்காமல், முதலில் 181ஆம் எண்ணைப் பற்றிக் கேளுங்கள். பதில் வந்த பிறகு தண்ணீர் கொடுக்கலாம்.