எவ அவ அகோயின்?

நைஜீரியாவின் லாகோஸில் நான்கு வருஷம் இருந்தேன். கற்றுக்கொண்ட யொரூபா மொழிச் சொற்கள் மூன்று. எவா என்றால் பயறு. அட்டா என்றால் மிளகாய். ஓமி என்றால் தண்ணீர். முதல் இரண்டும் வாய்க்குள் போன அடுத்த நிமிஷமே மூன்றாவது தேவைப்பட்டதால் இந்த வரிசையிலேயே மனப்பாடம் ஆகிவிட்டது.

ராஜபாளையத்துக்காரனுக்கு லாகோஸில் என்ன ஜோலி என்று வெளியூர்க்காரர்கள்தான் கேட்பார்கள். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா இங்கே நூற்பாலை ஆரம்பித்த நாளிலிருந்து, ஸ்பிண்டில் சுற்றுகிற இடமெல்லாம் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரிதான். நானும் ஸ்பின்னிங் மாஸ்டராகப் போனேன். மெஸ்ஸில் சாம்பார் என்ற பெயரில் போட்டதைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அந்த நான்கு வருஷமும் என்னைக் காப்பாற்றியது மில் கேட்டுக்கு வெளியே ஒரு அம்மா விற்ற பயறு.

தலையில் பெரிய பாத்திரம், அதன்மேல் சின்னப் பாத்திரம், முதுகில் துணியால் கட்டின பேரப்பிள்ளை. பெரியதில் பயறு, குழையக் குழைய வேகவைத்து மசித்தது. உப்புகூடப் பட்டும் படாமலும்தான் இருக்கும். சின்னதில் குழம்பு. குழம்பா அது? தார் ரோடு போடும்போது டின்னில் கொதிக்குமே, அந்த நிறம். எண்ணெய்ப்பனைக் குலையில் எடுத்த சிவப்பு எண்ணெயை அதன் சிவப்புப் போகிறவரை காய்ச்சி, வெங்காயத்தைக் கறுக்க விட்டு, மிளகாய் வத்தலைக் கொரகொரப்பாக இடித்துப் போட்டு, எண்ணெய் பிரிகிறவரை சுண்ட வைப்பது. பயறின் நடுவில் குழி பறித்து அதை ஒரு கரண்டி ஊற்றுவாள். தொட்டுக்கொள்ள அகெகே ரொட்டி. லாகோஸில் அகெகே என்று ஒரு பகுதி, அதன் பெயரில் ரொட்டி. கத்தி போடாத முழு ரொட்டி, பிய்த்தால் பஞ்சுக்குப் பதிலாகக் களி மாதிரி கனமாக வரும். பெனின், டோகோ நாடுகளின் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்களை லாகோஸ்காரர்கள் அகோயின் என்பார்கள். அவர்கள் கொண்டுவந்த பயறு, எவா அகோயின்.

ஊர் திரும்பிய முதல் வாரம், தோசையைப் பிய்த்தபடி ஒரு பெருமூச்சு விட்டுத் தொலைத்தேன். "எவா அகோயின் ஞாபகமாவே இருக்கு."

வீட்டுக்காரி தோசைக்கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். "எவ அவ?"

"பயறும்மா அது."

"பயறுக்கு யாராச்சும் பெருமூச்சு விடுவாங்களா?"

நியாயமான கேள்வி. அந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும் என்று விளக்கம் சொல்லப்போய், "வயசு வரைக்கும் தெரிஞ்சிருக்கு" என்று அது வேறு திசையில் போனது. என் நடத்தையை நிரூபிக்க ஒரே வழி, அந்தப் பதார்த்தத்தைச் சமைத்து இலையில் வைத்துக் காட்டுவது. தங்கச்சி குடும்பம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. சாட்சிக்கு ஆளும் ஆயிற்று.

பயறுக்குக் கவலை இல்லை. அவர்கள் எவா என்பது நம் தட்டப்பயறேதான். சொல்லப்போனால் தட்டப்பயறின் பிறந்த வீடே ஆப்பிரிக்கா. சில ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே கடல் தாண்டி வந்து நம் சுண்டல் சட்டியில் உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கும் உலகத்தில் அதிகம் விளைவிக்கிற நாடு நைஜீரியாதான். நவராத்திரிச் சுண்டலுக்கு வாங்கி வைத்திருந்த ஒரு கிலோவில் பாதியை எடுத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

எண்ணெயும் பிரச்சினை இல்லை என்று நினைத்தேன். ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் இருக்கிறது. என்ன, அவர்கள் பாடுபட்டு வெளுக்க வைப்பது நமக்கு வெளுத்தே வருகிறது. ஆனால் வேலை முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? ஏற்கெனவே வெளுத்த எண்ணெயை மறுபடி வெளுக்க வைப்பதென்று முடிவு செய்தேன். மில்லில் இருபது வருஷம் இருந்தவனுக்கு முறையை மாற்றக் கை வராது.

சிக்கல் மற்ற சாமான்களில். அந்தக் குழம்புக்கு உலர்ந்த இறால் தூள் போட வேண்டும். நம்மிடம் கூனிக்கருவாடு இருக்கிறது, சுலபம் என்று பையோடு கிளம்பினேன். அம்மா திண்ணையிலிருந்தே கேட்டாள்: "என்ன மாசம்டா இது?"

புரட்டாசி. முந்தின வாரம்தான் அம்மா ஸ்ரீவில்லிபுத்தூர் திருவண்ணாமலைக்குப் போய், புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டத்தில் நசுங்கி, சீனிவாசப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்திருந்தாள். கருவாட்டுப் பேச்சு அதோடு சரி. அடுத்து மாகி. நைஜீரியாவில் மாகி என்றால் குழம்பில் நசுக்கிப் போடுகிற சின்னக் கட்டி. பையனிடம் "நாலு மாகி வாங்கிட்டு வா" என்றேன். நாலு நூடுல்ஸ் பாக்கெட்டோடு வந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

ஞாயிறு காலை பயறு குக்கரில் ஏறியது. எட்டு விசில் ஆயிற்று. கல்லு மாதிரி இருந்தது. அந்த ஊரில் பயறு சீக்கிரம் மசிய ஒரு உப்புக்கல் போடுவார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா ஒரு சிட்டிகை ஆப்பசோடாவைப் போட்டுவிட்டுப் போனாள். அடுத்த நாலு விசிலில் மசிந்துவிட்டது. இதற்கு நான் லாகோஸ் வரை போக வேண்டியதில்லை என்பது அப்போதே லேசாகப் புரிய ஆரம்பித்தது.

பிறகு எண்ணெய். லாகோஸில் இதைத் திறந்த வெளியில், விறகடுப்பில் செய்வார்கள். ஏன் என்று நான் அங்கே கேட்டிருக்கலாம். எண்ணெய் புகைந்தது. வெங்காயம் பழுத்து, சிவந்து, கறுத்தது. கால் கிலோ சம்பா வத்தலை இடித்து வைத்திருந்தேன். கொட்டினேன்.

தெருவே இருமியது. மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு இறங்கினார்கள். எதிர்வீட்டில் ஒரு ராஜபாளையம் நாய் உண்டு; பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. 2005இல் தபால்தலையில் ஏறிய வம்சம். கொரியர்க்காரனிலிருந்து கவுன்சிலர் வரை யாருக்கும் வழிவிடாத ஜென்மம் அது. நாலு தும்மல் போட்டுவிட்டு வாலை மடக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டது. என்னாலும் நிற்க முடியவில்லை. கண்ணில் நீர் வழிய வாசலுக்கு ஓடினேன். பத்து நிமிஷம் இருக்கும்.

அந்தப் பத்து நிமிஷத்தில் அம்மா அடுப்படிக்குள் போயிருக்கிறாள். சட்டியைப் பார்த்திருக்கிறாள். பிள்ளை அடிப்பிடிக்க விட்டுவிட்டான் என்று பதறி, எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, ஒரு துண்டு வெல்லமும் போட்டு, கறிவேப்பிலை கிள்ளி, குழம்பைக் காப்பாற்றிவிட்டாள்.

நான் திரும்பி வந்தபோது தார் நிறம் போய் அழகான அரக்கு நிறம் வந்திருந்தது. வாசனை எனக்கு ஏழு வயதிலிருந்தே பழக்கமான வாசனை.

தங்கச்சி மாப்பிள்ளை அரைக் கிலோ பால்கோவாவோடு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் யாரும் ஒரு வீட்டுக்குக் கை வீசிக்கொண்டு போனதாகச் சரித்திரம் இல்லை. 2019இல் புவிசார் குறியீடு வேறு கிடைத்துவிட்டது. இலையில் பயறை வைத்து, குழி பறித்து, குழம்பை ஊற்றினேன். அகெகே ரொட்டிக்குப் பதில் பேக்கரி பன். மாப்பிள்ளை ஒரு வாய் வைத்தார். காது சிவந்தது. தங்கச்சி தண்ணீரை நீட்டினாள். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, பாலுக்குத்தான் அடங்கும் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் பால்கோவாப் பெட்டியைப் பிரித்துவிட்டிருந்தார். ஒரு வாய் பயறு, ஒரு வாய் பால்கோவா என்று முழு இலையையும் முடித்தார். இந்தச் சேர்க்கை லாகோஸில் கிடையாது. அவர்களுக்கு நஷ்டம்தான்.

அம்மா பன்னை ஒதுக்கிவிட்டுச் சுடுசோறு கேட்டு வாங்கி, நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து சொன்னாள்: "தட்டப்பயறு கடைசல். மேல வத்தக்குழம்பு. இதுக்கா நாலு வருஷம் போய் இருந்த?"

வீட்டுக்காரி மட்டும் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. சட்டியை வழித்து இரண்டாம் தடவை போட்டுக்கொண்டபோது வழக்கு தள்ளுபடி ஆனது என்று எடுத்துக்கொண்டேன். லாகோஸில் கூட வேலை பார்த்த நண்பருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "ரொட்டி எங்கே?" என்று மட்டும் பதில் வந்தது.

நீங்களும் செய்து பார்ப்பதானால் இரண்டு விஷயம். வத்தலைக் கொட்டுவதற்கு முன் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். புளி ஜாடியை எங்கேயாவது ஒளித்து வையுங்கள்.