நூறு கிராம் நோயாளி

ஸ்காபரோவில் கென்னடி வீதியை ஒட்டிய டோர்செட் பார்க் தொடர்மாடிகளில், நாய் கேட்டு அழும் பிள்ளைக்கும் பூனைகூட வேண்டாம் என்னும் தாய்க்கும் இடையே கையெழுத்தாகும் சமாதான ஒப்பந்தத்தின் பெயர் ஹாம்ஸ்டர். அது ஓயாமல் முதுகைச் சொறியத் தொடங்கும் நாளில் ஒப்பந்தம் ஆட்டம் காணும். உடனே 'பேன்' என்று தீர்ப்பு வரும். வேப்பெண்ணெய், மஞ்சள், பேன் சீப்பு எனத் தண்டனைகளும் வரிசையில் நிற்கும். விசாரணை மட்டும் நடப்பதில்லை. என் வாதம் அந்த விசாரணைக்காகத்தான்: சொறிவது எதனால் என்று தெரியாமல் எந்த மருந்தையும் தொடக்கூடாது. பல வேளைகளில் வைத்தியம் வேண்டியிருப்பது கூட்டுக்கு, ஹாம்ஸ்டருக்கு அல்ல.

சந்தேக நபர்களைப் பார்ப்போம். முதலாவது, ஒட்டுண்ணியே அல்ல. ரொறன்ரோப் பனிக்காலத்தில் ஹீட்டர் காற்று எங்கள் தோலையே வெடிக்க வைக்கும். ஹாம்ஸ்டருக்குத் தனிச் சலுகை கிடையாது. சீடர், பைன் மரச்சீவல்களின் வாசம் எங்களுக்கு இதம், அதன் தோலுக்கும் மூக்குக்கும் எரிச்சல். இரண்டாவது, டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணி. இது பெரும்பாலான ஹாம்ஸ்டர்களின் தோலில் சத்தமின்றி வாடகையில்லாமல் குடியிருக்கும். அருவருக்க வேண்டாம், இதன் உறவினர்கள் வளர்ந்த மனிதரில் அநேகமாக எல்லோருடைய முகத்திலும் உண்டு. முதுமையிலோ, வேறு நோயாலோ உடல் தளரும்போதுதான் அது பெருகி முடியை உதிர்க்கும். ஆகவே அங்கே சிற்றுண்ணி குற்றவாளி என்பதைவிட, உள்ளே வேறேதோ சரியில்லை என்று சொல்லும் சாட்சி. மூன்றாவது, இரத்தம் குடிக்கும் எலிச் சிற்றுண்ணி. இது ஹாம்ஸ்டரில் தங்குவதில்லை. குடித்துவிட்டுக் கூட்டின் இடுக்கில் ஒளிந்துகொள்ளும், வீட்டாரையும் கடிக்கும். பெரும்பாலும் சுவருக்குள் ஓடும் எலிகள் கொண்டுவந்து விடுவது. அப்படியானால் பிடிக்க வேண்டியது சுவர் எலியை. வாடகையும் கட்டாமல், நல்ல பெயரையும் கெடுத்துக்கொள்ளாமல் அது தப்பிவிடுகிறது.

"வேப்பெண்ணெய் இயற்கையானதுதானே, என்ன கெடுதல்?" என்று கேட்பார்கள். வேம்பின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் ஹாம்ஸ்டர் நாள் முழுக்கத் தன்னை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. உடம்பில் பூசியதை அது குடிக்கும். பூசுகிறவர் அப்படிக் குடித்துப் பார்த்தால் பேச்சு வேறுவிதமாக இருக்கும். எண்ணெயில் ஊறிய ரோமம் சூட்டையும் காக்காது. தண்ணீரில் குளிப்பாட்டுவதும் அதே பிழைதான். அது மணலில் புரண்டு குளிக்கும் சாதி. பேன் சீப்போ, முடிக்குழிக்குள் இருக்கும் டெமோடெக்ஸை எட்டவே எட்டாது. இன்னும் துணிந்தவர்கள் குதிரைக்கான ஐவர்மெக்டின் பசையைத் தேடுவார்கள். மருந்து நல்லதுதான், அதைக் கண்டறிந்த ஆய்வுக்கு 2015இல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் அந்தக் குழாய் ஒன்று, ஏறக்குறைய 567 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரே வேளை மருந்து. நூறு கிராம் ஹாம்ஸ்டருக்கு அதே விகிதத்தில் கொடுப்பதானால், ஐயாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட பங்காகப் பிரிக்க வேண்டும். சமையலறைக் கரண்டியில் அந்தக் கணக்கு ஏறாது.

அடுத்த ஆட்சேபம் பணம். ஹாம்ஸ்டரின் விலையைவிட மிருக வைத்தியரின் கட்டணம் பல மடங்கு, ஒன்ராறியோ சுகாதார அட்டையும் அதற்குக் கிடையாது. புதிதாக ஒன்று வாங்கினால் என்ன? கணக்கு சரி, முடிவு பிழை. எலிச் சிற்றுண்ணி கூட்டிலும் சுவரிலும் இருந்தால், புது விருந்தாளிக்கும் அதே வரவேற்புத்தான். வைத்தியர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால், எந்த எதிரி என்பது தெரிந்துவிடும். தவிர, மனிதர்களாகிய நாங்கள் இந்தப் பிராணிக்கு ஒட்டுண்ணி விஷயத்தில் பழைய கடன்காரர். காலா அசார் நோயின் ஒட்டுண்ணியைச் சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1903இல் கண்டவர் சார்ல்ஸ் டொனவன். அந்த ஒட்டுண்ணியின் விஞ்ஞானப் பெயரில் லெய்ஷ்மன் என்ற இன்னொரு மருத்துவரோடு அவரும் இருக்கிறார். அதே இன நோய்களை ஆராய ஜெருசலேமில் சோல் அட்லருக்கு ஆய்வுக்கூடப் பிராணி தேவைப்பட்டது. அதற்காக 1930இல் சிரியாவின் அலெப்போ அருகே ஒரு தாய் ஹாம்ஸ்டரையும் அதன் குட்டிகளையும் தோண்டியெடுத்தார் விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி. இன்று கூடுகளில் ஓடும் தங்க ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை அந்தக் குடும்பத்தின் வம்சம். எங்கள் ஒட்டுண்ணிக்காக அது ஆய்வுக்கூடம் போயிருக்கிறது. அதன் ஒட்டுண்ணிக்காக நாங்கள் ஒருமுறை வைத்தியசாலை போவது பெரிய தியாகமல்ல.

"பிள்ளைக்குத் தொற்றாதா?" என்பதே நியாயமான பயம். ஹாம்ஸ்டரின் டெமோடெக்ஸ் மனிதரில் வாழாது. ஹாம்ஸ்டரிடம் காணப்படும் குட்டை நாடாப்புழு மனிதருக்கும் வரக்கூடியது, ஆனால் அது பெரும்பாலும் மனிதரிடமிருந்தே மனிதருக்குப் பரவுகிறது. அதற்குத் தடுப்பு சவர்க்காரமும் தண்ணீரும். ஹாம்ஸ்டரைத் தொட்ட கையோடு சோற்றைப் பிசையாதிருந்தால் போதும். எனவே ஹாம்ஸ்டர் சொறிந்தால், கண்ணில் படும் பூச்சியை ஒட்டுநாடாவில் பிடித்து வையுங்கள், படுக்கையை மாற்றிக் கூட்டைச் சுடுநீரில் கழுவுங்கள், பிறகு சிறு பிராணிகளைப் பார்க்கும் வைத்தியருக்குத் தொலைபேசி எடுங்கள். வேப்பெண்ணெய்ப் போத்தல் அலுமாரியிலேயே இருக்கட்டும்.