போஸ்ட்மார்ட்டம் டாக்டர்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சீட்டாட்டத்தில் அந்தக் கோணல் கூடத்துக்குப் பெயர் 'சீட்டு வரலை'. ரம்மியில் தோற்றவர் அப்படிச் சொல்லிவிட்டு எழுந்து போகலாம். யாரும் மறுக்க முடியாது, ஏனென்றால் அவருக்கு வந்த சீட்டு வேறு, ஜெயித்தவருக்கு வந்த சீட்டு வேறு. யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் முந்நூற்றுநாலு ஆடித் தோற்றவருக்கும் இந்தச் சலுகை உண்டு. பிரிட்ஜ் போட்டிக்காரர்கள்தான் இரக்கமில்லாமல் கூடத்தை நேராக்கிவிட்டார்கள். அங்கே ஆடி முடித்த சீட்டைக் கலைப்பதில்லை. நான்கு திசைக்கும் நான்கு குழி வைத்த ஒரு சிறு பலகையில் அவரவர் சீட்டை அப்படியே சொருகி அடுத்த மேசைக்கு அனுப்பிவிடுகிறார்கள். உங்களுக்கு வந்த அதே பதிமூன்று சீட்டு, அதே திசையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் வரும். அவர்களில் எத்தனை பேரை விட நன்றாக ஆடினீர்கள் என்பதுதான் மதிப்பெண். அதிர்ஷ்டத்தின் கையைக் கட்டிப்போட்டாயிற்று. ஆனால் மனிதனுக்குச் சாக்கு வேண்டுமே! மேசைக்கு எதிர்ப்புறம் பார்க்கிறான். அங்கே பார்ட்னர் உட்கார்ந்திருக்கிறார்.

பிரிட்ஜ் உலகில் எல்லா ஊரிலும் காணக் கிடைக்கும் ஒரு மனிதர் இப்படித்தான் பிறக்கிறார் என்பது என் கட்சி. ஆட்டம் முடிந்த கையைக் கீறிப் பார்த்து, எங்கே உயிர் போயிற்று என்று ஆராய்வதை அவர்களே 'போஸ்ட்மார்ட்டம்' என்றுதான் சொல்கிறார்கள். நம்மவர் அதில் டாக்டர். எந்தப் பிரேதத்தைக் கீறினாலும் மரணத்துக்குக் காரணம் ஒன்றே என்று எழுதித் தருவார்: பார்ட்னர். சாதாரண டாக்டர்கள் இறந்தவரைக் கொன்றவர்கள் பட்டியலில் இருப்பதில்லை. இவர் மட்டும் சம்பவத்தின்போது அதே மேசையில் கையில் பதிமூன்று சீட்டோடு இருந்தவர். அது அவருக்கு ஒரு தகுதிக்குறைவாகத் தோன்றியதே இல்லை.

இவரை நிதானமாகப் பார்க்க ஏற்ற இடம் வட அமெரிக்க பிரிட்ஜ் சாம்பியன்ஷிப். ஆண்டுக்கு மூன்று முறை, முறைக்கு ஒரு ஊர், பத்துப் பதினோரு நாள். ஒரு நாளைக்கு இரண்டு அமர்வு; அமர்வுக்கு ஏறக்குறைய இருபத்தாறு கை. தனியாக வந்தவர்களுக்கு ஜோடி சேர்த்துவிட ஒரு மேசை போட்டிருப்பார்கள். கல்யாணத் தரகர் வேலைதான். மாஸ்டர்பாயிண்ட் எவ்வளவு, எந்த முறையில் ஏலம் கேட்பீர்கள், எத்தனை நாள் ஆடுவதாக உத்தேசம் என்று விசாரிப்பார்கள். பொருந்தி வந்தால் இருவரும் ஓர் ஓரமாக உட்கார்ந்து, 'ஸ்டேமன் உண்டா?' 'உண்டு.' 'டிரான்ஸ்ஃபர்?' 'உண்டு, உண்டு' என்று ஏலக் குறிகளைப் பேசி முடித்து ஒப்பந்த அட்டையை நிரப்புவார்கள். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்த கல்யாணங்களே என்ன பாடு படுகின்றன என்பது நமக்குத் தெரியும். இது பத்து நிமிஷத்தில் பார்த்த பொருத்தம். நம்ம டாக்டர் முதல் நாள் வந்த ஜோடியை மூன்றாம் நாள் வரை வைத்திருப்பதில்லை. பழைய நண்பர், பின்பு ஒரு கல்லூரிப் பையன், பின்பு ஒரு ஓய்வுபெற்ற பல் டாக்டர் என்று வாரம் முழுக்க மாற்றிக்கொண்டே போவார்.

மேசையில் அவர் வாயை மூடிக்கொண்டிருக்கும் நேரமும் உண்டு, அதுவும் சட்டம் கட்டாயப்படுத்துவதால். ஏறக்குறைய கால்வாசிக் கைகளில் அவர் டம்மி. சீட்டை எல்லாரும் பார்க்க மேசையில் விரித்துவிட்டு, பார்ட்னர் சொல்லும் சீட்டை எடுத்துப் போடுவது மட்டுமே வேலை. டம்மி விரிந்ததும் ஆடுபவர் 'தேங்க்யூ பார்ட்னர்' என்பது மரபு. விரிந்தது குப்பையாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகு டம்மி வாய் திறக்கச் சட்டம் இடம் கொடுக்கும் சந்தர்ப்பங்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று, பார்ட்னர் கேட்ட ஜாதிச் சீட்டைப் போடாமல் வேறு போட்டால், 'இஸ்பேட் இல்லையா, பார்ட்னர்?' என்று விசாரிப்பது. தவறுதலாகப் போட்டிருந்தால் திருத்திக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணத்தில் வைத்த விதி. டாக்டர் வாயில் இந்த மூன்றே சொல் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையை விசாரிக்கும். உயர்மட்டப் போட்டிகளில் மேசைக்குக் குறுக்கே திரை கட்டுகிறார்கள்; 1975ஆம் ஆண்டு பெர்முடா கிண்ணப் போட்டியில் வந்த ஏற்பாடு. கூட்டாளிகள் ரகசிய சைகை செய்யக் கூடாது என்பதற்காகக் கட்டியது. புருவத்தை ஆயுதமாக வைத்திருப்பவரின் பார்ட்னர்களுக்கு அந்தத் திரை செய்த உபகாரத்தை யாரும் கணக்கில் எழுதவில்லை.

ஒரு கையை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். எதிராளி துருப்பில்லாமல் ஒன்பது பிடி எடுப்பதாகச் சொல்லி ஆடுகிறார். டாக்டர் கையில் டைமண்டில் ராஜா, ஜாக்கி, ஏழு, இரண்டு. கிளாவர் ஓடும்போது போடக் கிளாவர் இல்லாமல் டைமண்ட் ஏழைக் கழிக்கிறார். 'டைமண்டுக்கு வா' என்று அர்த்தம். பெரிய சீட்டைக் கழித்தால் அழைப்பு, சின்னதைக் கழித்தால் வேண்டாம். பார்ட்னரான பல் டாக்டர் கையில் டைமண்ட் ஆஸ், ஐந்து, மூன்று. எதிரே விரிந்திருக்கும் டம்மியில் ஒன்பது, எட்டு, ஆறு, நான்கு. ஏழு பெரியதா சின்னதா? பல் டாக்டர் கொஞ்சம் யோசித்து, சின்னது என்று முடிவு கட்டி இஸ்பேட் இறக்குகிறார். ஒன்பது பிடியும் எதிராளிக்கு. 'ஏழு போட்டேனே, பார்ட்னர்! ஏழு! இரண்டு எங்கே போச்சுன்னு யோசிக்க வேண்டாமா?' இரண்டு எங்கேயும் போகவில்லை. அவர் கையிலேயே இருந்தது. அது அவருக்குத் தெரியும். மேசையில் வேறு யாருக்கும் தெரியாது. அதுமட்டுமல்ல, மூன்றாம் பிடியை இஸ்பேட் ஆஸால் எடுத்தவரும் அவரே. அப்போது அந்த இரண்டை அவரே இறக்கியிருந்தால் ஏழைப் பற்றிய ஆராய்ச்சிக்கே அவசியம் இருந்திருக்காது. இந்தத் தகவல் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையில் இடம்பெறுவதில்லை.

இதில்தான் விஷயமே இருக்கிறது. டாக்டரைக் கெட்டவர் என்றோ பொய்யர் என்றோ சொல்ல மாட்டேன். தன் பதிமூன்று சீட்டை ஏழெட்டு நிமிஷமாக உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, அவை உலகத்துக்கே தெரிந்த விஷயமாகிவிடுகின்றன. தெரிந்த பின் எதிரே இருப்பவர் செய்வது முட்டாள்தனமாகத்தான் படும். ஒருவர் கையில் வரக்கூடிய பதிமூன்று சீட்டுச் சேர்க்கைகள் 63,501 கோடிக்கு மேல். அவற்றில் எது தன்னிடம் இருக்கிறது என்பதை ஒரு சில கேள்விகளாலும் ஒரு ஏழாலும் இரண்டாலும் எதிரே இருப்பவருக்குச் சொல்லிவிடுவதுதான் ஆட்டம். சொன்னது போய்ச் சேரவில்லை என்றால் தபால்காரர் மேல் பழி. முகவரி சரியாக எழுதினோமா என்று யார் பார்ப்பார்கள்? போதாததற்கு, அமர்வு முடிந்ததும் எல்லாக் கைகளையும் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். எந்தக் கையில் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டர் கணக்கும் அதிலேயே இருக்கும். 'பாருங்க, நாலு இஸ்பேட் ஆகும்னு போட்டிருக்கு' என்று ஹோட்டல் லாபியில் காகிதத்தை ஆட்டுவார். அது ஐம்பத்திரண்டு சீட்டையும் திறந்து வைத்துப் பார்த்துச் சொன்னது. அப்படி ஆட ஆரம்பித்தால் அதற்கு வேறு பெயர்.

பார்ட்னர் நிஜமாகவே தப்பு செய்வதில்லையா என்று கேட்கலாம். செய்கிறார், தாராளமாகச் செய்கிறார். பல் டாக்டர் அந்த ஏழைக் கண்டுகொண்டிருக்கலாம்தான். ஆனால் எஸ். ஜே. சைமன் 1945இல் எழுதிய 'பிரிட்ஜில் ஏன் தோற்கிறீர்கள்' என்ற புத்தகத்தில் 'துரதிர்ஷ்ட நிபுணர்' என்று ஒரு பாத்திரம் வருகிறார். மேசையில் இருக்கும் நான்கு பேரில் ஆட்டம் அதிகம் தெரிந்தவர் அவர்தான். காசு இழப்பவரும் அவர்தான். தன் எதிரே உட்கார்ந்திருப்பவர் தன்னைப் போலவே ஆடுவார் என்று எண்ணி ஆடுவதால் வந்த வினை. பார்ட்னருக்கு எது புரியும் என்று அறிந்து அதற்கேற்பச் சொல்வதும் திறமையில் சேர்த்தி. அப்படியானால் தவறைச் சொல்லித்தானே திருத்த வேண்டும் என்பது அடுத்த கேள்வி. சொல்லட்டும், அமர்வு முடிந்து காபி குடிக்கும்போது. மேசையில் சொன்னால் அடுத்த கையில் பார்ட்னர் சீட்டைப் பார்த்து ஆட மாட்டார், உங்கள் முகத்தைப் பார்த்து ஆடுவார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் வாங்கிய பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் நெடுநாள் கூட்டாளிகள். அப்போது ஒருவருக்கு 60 வயது, மற்றவருக்கு 56. நம்ம டாக்டர் அந்த 60க்குள் அறுபது பார்ட்னரைப் பார்த்து முடித்திருப்பார்.

இந்தக் குணம் ஆபத்தில்லாத தமாஷ் என்றும் சொல்ல முடியாது. 1929 செப்டம்பரில் கான்சாஸ் சிட்டியில் ஒரு கணவன் நாலு இஸ்பேட் ஆட்டத்தில் தோற்றார், மனைவி அவர் ஆட்டத்தைப் பழித்தார், அவர் அறைந்தார், அந்த அம்மாள் துப்பாக்கி எடுத்தார். 1931இல் ஜூரி அவரை விடுதலை செய்தது. அதே 1931 டிசம்பரில் நியூயார்க்கில் ஈலி கல்பர்ட்சனுக்கும் சிட்னி லென்ஸுக்கும் 150 ரப்பர் போட்டி தொடங்கியது. அமெரிக்கப் பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதின. லென்ஸின் பார்ட்னர் ஆஸ்வால்ட் ஜகோபி. இருவருமே மேதைகள், இருவருமே டாக்டர்கள். நடுவில் சண்டை வந்து ஜகோபி எழுந்து போய்விட்டார். மிச்சத்தை வேறொருவரை வைத்துக்கொண்டு ஆடிய லென்ஸ் 8,980 புள்ளியில் தோற்றார். கல்பர்ட்சன் பெரும்பாலும் ஆடியது தன் மனைவியோடு. வீட்டுக்குப் போனாலும் அதே முகம் என்றால் மேசையில் நாக்கை அடக்கத்தானே வேண்டும்.

இவர் பிறவிக் கோபக்காரர், எந்த ஆட்டத்திலும் இப்படித்தான் இருப்பார் என்று முடித்துவிடுவதும் சுலபம். அது சரியென்றால் செஸ்ஸிலும் இந்த ரகம் மலிந்திருக்க வேண்டும். செஸ்ஸில் தோற்றவர் ராத்திரி தூக்கம் வரவில்லை என்பார், விளக்கு கண்ணைக் கூசியது என்பார். குறை சொல்ல எதிரே ஒரு கூட்டாளி இல்லையே. இன்னும் பலமான சான்று 'இண்டிவிஜுவல்' என்ற போட்டி. அதில் இரண்டு மூன்று கைக்கு ஒரு முறை பார்ட்னரை மாற்றிவிடுவார்கள். ஒரே மாலையில் பத்துப் பன்னிரண்டு பேரோடு ஆடிவிட்டு, அத்தனை பேரும் மோசம் என்று டாக்டர் அறிக்கை தருவார். பன்னிரண்டு மேசைக்கும் பொதுவாக இருந்த ஒரே ஆளைப் பற்றி அதில் ஒரு வரி இருக்காது. அந்தப் பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு அறிக்கை வைத்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். நமக்கு நாம், நாங்கள் என்று இரண்டு சொல் இருக்கிறது. அவருக்கு ஒன்றே அதிகம். கான்ட்ராக்ட் ஜெயித்தால் 'நான் அடிச்சேன்', கவிழ்ந்தால் 'நீங்க கவுத்தீங்க'. சராசரி மதிப்பெண் வந்த கைக்கு மட்டும் 'நாம'.

மறுநாள் காலை ஜோடி சேர்க்கும் மேசைக்கு முன்னால் வரிசை. மேசையில் இருக்கும் அம்மாள் அட்டையைப் புரட்டிக்கொண்டே, நேற்று ஆடியவர் என்ன ஆனார் என்று கேட்கிறார். 'அதை ஏன் கேக்கறீங்க' என்று டாக்டர் ஆரம்பிக்கிறார். ஏழு, இரண்டு என்று விரல் விட்டு விளக்குகிறார். வரிசையில் அவருக்கு நாலு பேர் பின்னால் அந்தப் பல் டாக்டர் நிற்கிறார். அவரும் தனக்கு முன்னால் நிற்பவரிடம், 'அதை ஏன் கேக்கறீங்க' என்று தொடங்கியாயிற்று.