படம் போட்ட கவிஞர்

மோகனூரில் 1888இல் பிறந்த ‘நாமக்கல் கவிஞர்’ வெ. இராமலிங்கம் பிள்ளைக்குப் பிழைப்பாக அமைந்தது ஓவியம். தாலுகா அலுவலக எழுத்தர் வேலையும் பள்ளி ஆசிரியர் வேலையும் பார்த்துவிட்டு அதற்கு வந்தார். போலீஸ்காரரான தந்தைக்கு அது எவ்வளவு நிம்மதி தந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

உருவப்படத் தொழிலில் வரைவது பாதி, வாடிக்கையாளரைச் சமாளிப்பது மீதி. முகம் அச்சாக இருக்க வேண்டும். அம்மைத் தழும்பும் வழுக்கையும் மட்டும் தெரியக்கூடாது. காலமானவரின் படமென்றால் பங்காளிகள் கூடித் தீர்ப்புச் சொல்வார்கள்; ஒரே மூக்குக்கு நாலு கருத்து. பாக்கிப் பணம் அடுத்த வெள்ளாமைக்குத் தள்ளிப்போகும். வீட்டு அரிசிப்பானைக்கு அந்தப் பொறுமை கிடையாது.

பிள்ளை ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை வரைந்து தங்கப் பதக்கமும் பெற்றார். 1930இல் வேதாரண்யம் உப்பு நடைப்பயணத்துக்குப் பாட்டு எழுதினார். 1932இல் அதே மன்னரின் அரசு அவரை ஓராண்டு சிறையில் வைத்தது. மன்னரை அழகாக வரைந்ததற்குத் தண்டனையில் தள்ளுபடி இல்லை.

1949இல் அவர் அரசவைக் கவிஞரானார். சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்கு நாமக்கல் கவிஞர் மாளிகை என்று பெயர். சோறு போட்ட தூரிகைக்கு அதில் ஒரு மாடிகூட ஒதுக்கப்படவில்லை.